வேன் பில்லுக்குக் கண்ணூறு காரணமில்லை

எங்கள் தோழர் ஒருவரின் வீட்டில் பழைய வேன் ஒன்று வாங்கினார்கள். அம்மாவின் நகை, அண்ணனின் கொழும்புச் சம்பளம், மிச்சத்துக்கு லீசிங். டயருக்குக் கீழே எலுமிச்சம்பழம் வைத்து, தேங்காய் உடைத்து, தோட்டமே கூடி வழியனுப்பியது. மூன்றாவது மாதம் கினிகத்தேனை ஏற்றத்தில் ஹீட் ஏறி நின்றுபோனது. ஹெட் கேஸ்கட் போய், ஹெட்டும் வளைந்திருந்தது. பில் 4 லட்சம் ரூபா.

லயத்தில் எல்லாரும் சொன்னது ஒன்றுதான்: "கண்ணூறு பட்டிருச்சு. நேரம் சரியில்ல."

எஞ்சினுக்கு ராகு கேது தெரியாது, தோழர்களே! 2024 செப்டெம்பரில் வர்த்தமானியில் வந்த நாட்சம்பளம் 1350 ரூபா. அந்தக் கணக்கில் 4 லட்சம் என்பது 296 நாள் பேர். கிட்டத்தட்ட ஒரு வருஷம் கொழுந்து பறித்த காசு. இதைத் தலைவிதி என்று சொல்லிவிட்டால் யாரும் பதில் சொல்ல வேண்டியதில்லை. அதனால்தான் அந்தப் பேச்சு எங்களுக்குப் பிடிக்கவில்லை.

"வேன் எதுக்கு? பஸ்ல போகலாம்தானே?" என்று டவுனில் இருப்பவர்கள் கேட்பார்கள். ராத்திரி பன்னிரண்டு மணிக்குப் பிரசவ வலி வந்தால் எந்த பஸ் லயத்து வாசலுக்கு வரும்? தோட்டத்து லொறிக்காகக் கெஞ்சிய தலைமுறையின் பிள்ளைகள் நாங்கள். வேன் எங்களுக்குச் சொகுசு இல்லை.

பழசை ஏன் இவ்வளவு விலைக்கு வாங்கினோம்? 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திறந்தார்கள். இடைப்பட்ட ஐந்து வருஷமும் ஓடித் தேய்ந்த வண்டிகளே கைமாறின.

ரோடு ஏன் இப்படி? 1987ஆம் ஆண்டு பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு, சபைகள் தோட்டத்துக்குள் செலவு செய்யத் தடையாக இருந்தது. அதைத் திருத்தியது 2018இல்! கம்பனியும் போடாத, சபையும் போடாத அந்தக் குழிகளில்தான் எங்கள் ஷொக் எப்சோபர் உடைகிறது.

வருஷா வருஷம் புகைப் பரிசோதனை செய்யாமல் வருமான அனுமதிப்பத்திரம் கிடைக்காது. நல்லது. ஆனால் அது புகையைத்தான் பார்க்கும், பிரேக்கைப் பார்க்காது. 2023 ஜனவரி 20இல் நானுஓயா ரதெல்லச் சரிவில் பஸ் ஒன்று மோதி, வேனில் போனவர்களும் ஓட்டோ சாரதியுமாக 7 பேர் இறந்தார்கள். அந்த மாதிரிச் சரிவுகளில்தான் தினமும் இறங்குகிறோம். பழைய வாகனம் பேர் மாறும்போது எஞ்சின், பிரேக், ஸ்டியரிங் மூன்றையும் சோதித்த சான்றிதழைக் கட்டாயமாக்கு என்று கேட்கிறோம். இது பெரிய ஆசையா?

எங்கள் பக்கத் தப்பையும் சொல்லத்தான் வேண்டும். தேங்காய் உடைக்கும் முன் ஒரு பாஸைக் கூட்டிப் போகவில்லை. ஒயில் மூடிக்குள் பால் தேத்தண்ணி நிறத்தில் கசடு, ரேடியேட்டரில் குமிழி, சூடான பிறகும் நிற்காத வெள்ளைப் புகை: இதில் ஒன்று இருந்தாலும் வாங்கக் கூடாது. சமதரையில் ஒளிந்திருக்கும் கோளாறு எங்கள் ஏற்றத்தில்தான் வாய் திறக்கும். அதனால் மலையில் ஓட்டிப் பார்க்க விடாதவனிடம் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.

எலுமிச்சம்பழம் வைக்க வேண்டாம் என்று சொல்லவில்லை. முதலில் பொனட்டைத் திறந்து பாருங்கள். அப்புறம் ரோட்டுக்கும் சட்டத்துக்கும் பொறுப்பானவர்களைக் கேள்வி கேளுங்கள். கண்ணூறு கழிப்பதைக் கடைசியாக வைத்துக்கொள்ளலாம்.