திராட்சைப் பந்தலடியில்

ஒரே நாளில் ஐந்து திருத்தலங்களை வேனில் சுற்றி, ஒன்றையும் மனத்தில் இருத்தாமல் திரும்புவானேன்? இவ்விடுமுறையில் தேனி மாவட்டத்துக் கம்பம் பள்ளத்தாக்கில் இரண்டு நாள் தங்குங்கள்.

அங்கு விளையும் பன்னீர்த் திராட்சையை 1832-இல் தமிழகத்திற்குக் கொணர்ந்தவர் ஒரு பிரெஞ்சுக் குரு என்பர். 2023-இல் அதற்குப் புவிசார் குறியீடும் கிட்டியது. ஆண்டு முழுவதும் அங்கே அறுவடை உண்டு.

கத்தோலிக்கர் மிகுந்த இராயப்பன்பட்டியில் காலைத் திருப்பலி கண்டபின் பந்தலடியில் நில்லுங்கள். கிளைகளை வெட்டிக் கவாத்து செய்த பின்னரே கொடி காய்க்கும் என்பதை உழவரே விளக்குவார். திருப்பலி இரசம் திராட்சைக் கனியிலிருந்தே வரவேண்டும் என்னும் திருச்சபைச் சட்டத்தையும், யோவான் நற்செய்தியின் 15-ஆம் அதிகாரத்தையும் பிள்ளைகளுக்கு அங்கே எடுத்துரையுங்கள்.

நம் பயணப் பட்டியலையும் சற்றே கவாத்து செய்வோம், அதுவும் கனிதரும்.