தொட்டுப் பார்க்கலாமா?

சோறு வெந்துவிட்டதா என்று எப்படிப் பார்க்கிறீர்கள்? ஒரு பருக்கையை எடுத்து விரலால் நசுக்கித்தானே? புடவைக் கடையில் பட்டின் நயத்தைப் பார்ப்பதும் விரல்தான். தொட்டுப் பார், ருசி பார், முகர்ந்து பார் என்று 'பார்' என்ற சொல்லை எல்லாப் புலன்களுக்கும் தாராளமாக வழங்கியிருக்கிறது நம் தமிழ். ஆனால் பாட்டிமார் 'செத்த காலேஜ்' என்று சொல்வார்களே, அந்த மியூஸியம் மாதிரி இடங்களில் 'தொடாதே' என்பதுதான் சட்டம். கண்ணாடிப் பெட்டிக்குள் புலி உறுமுகிறது. கழுகு சிறகை விரிக்கிறது. பார்வையில்லாத குழந்தையின் கைக்கு எட்டுவதோ வெறும் கண்ணாடி!

இங்கிலாந்தின் வடகிழக்கே ஸண்டர்லண்ட் என்று ஓர் ஊர். அவ்வூர் மியூஸியத்தைச் சேர்ந்த சார்ல்ட்டன் டீஸ் என்பவர், 1913-ஆம் வருஷத்தில், பார்வையற்ற பள்ளிக் குழந்தைகளை அழைத்து, "தொட்டுப் பாருங்கள்" என்று விட்டுவிட்டார். அங்கே பாடம் செய்து வைத்திருந்த சிங்கத்தின் பெயர் வாலஸ். அதுவரை 'சிங்கம்' என்பது வெறும் சொல்லாக இருந்த குழந்தைகளுக்கு, அன்று பிடரி மயிரும் பாதமுமாக அது விரலுக்கு அகப்பட்டது. எலும்புக்கூட்டையும் தடவிப் பார்த்தார்கள். பிறகு பெரியவர்களும் வந்தார்கள்.

யானையைத் தடவிய குருடர்கள் கதையைச் சொல்லி நாம் சிரிக்கிறோம். எனக்கு அந்தக் கதையின் மேல் கொஞ்சம் கோபம் உண்டு. காதைப் பிடித்து 'முறம்' என்றவனை, மெள்ள நகர்ந்து தும்பிக்கை, தந்தம், கால், வால் என்று சுற்றி வர விட்டிருந்தால் அவன் ஏன் அப்படிச் சொல்கிறான்? அவகாசம் கொடுக்காதது யார் குற்றம்?

"எல்லோரும் தொட்டால் பொருள் பாழாகாதா?" என்பீர்கள். நியாயந்தான். அதைவிடப் பெரிய சங்கடம் ஒன்றும் உண்டு. அந்தக் காலத்தில் பூச்சி அரிக்காமலிருக்கப் பிராணிகளின் தோலில் பாஷாணம் பூசிப் பதப்படுத்தினார்கள். அதை இன்று குழந்தைகள் தொடக்கூடாது. அதனால் பழைய பெட்டிகளைத் திறந்துவிட்டால் மட்டும் போதாது. தொடுவதற்கென்றே தனியாகச் சில பொருள்கள் வேண்டும். சங்கு, மான் கொம்பு, மண்டையோட்டின் அச்சு வார்ப்பு இவையெல்லாம் நன்றாகத் தாங்கும். எறும்பைப் பூனை அளவுக்குப் பெரிதாகச் செய்து வைத்தால் அதன் ஆறு கால்களையும் விரலாலேயே எண்ணிவிடலாம். பக்கத்திலேயே பிரெய்ல் எழுத்தில் இரண்டு வரி விளக்கம். மேஜை மட்டும் சக்கர நாற்காலி உள்ளே நுழையும்படி இருக்கட்டும். காது கேளாதவருக்கு, வழிகாட்டி வாயால் சொல்வதெல்லாம் எழுத்திலும் இருக்க வேண்டும்.

லீவுக்குக் குழந்தைகளை அழைத்துக்கொண்டு மியூஸியம் போகிறீர்கள் அல்லவா? "தொடுவதற்கு இங்கே என்ன இருக்கிறது?" என்று அங்குள்ளவர்களை ஒரு வார்த்தை கேளுங்கள். அப்படி ஒரு மேஜை மட்டும் வந்துவிட்டால், கண்ணுள்ள வாண்டுகளும் அங்கேதான் முண்டியடிக்கும், பாருங்கள்!