அந்தப் போத்தலைத் திருப்பிப் பாருங்கள்



ஊரவர்களே, இது கொஞ்சம் நீளமான பதிவு. நோன்பு நாளில் எழுதினால் "சேர்மாருக்கு லீவு, வேற வேலை இல்ல" என்று தள்ளிவிட்டுப் போவீர்கள். அதனால்தான் பெருநாளும் முடிந்து பாடசாலையும் திறந்த பிறகு எழுதுகிறோம். கோபம் வந்தாலும் கடைசிவரை வாசித்துவிட்டுத் திட்டுங்கள்.

முதலில் எங்கள் குற்றத்தை ஒத்துக்கொள்கிறோம். இந்த நோன்பில் எங்கள் பாடசாலை ஆசிரியர்கள் பன்னிரண்டு பேர் பக்கத்து நகரத்து ரெஸ்டூரன்ட் ஒன்றுக்கு இஃப்தார் பஃபே சாப்பிடப் போனோம். தலைக்கு 3,500 ரூபா. மேசை நடுவில் ஒரு போத்தல் நின்றது. தடித்த பச்சைக் கண்ணாடி, கழுத்தில் தங்கத் தாள், மூடியைச் சுற்றிக் கம்பி. உள்ளே இருந்தது வாயு அடைத்த வெளிநாட்டுத் திராட்சைச் சாறு. மதுசாரம் இல்லை என்று லேபலில் எழுதியிருந்தது. பாங்கு சொல்ல ஐந்து நிமிடம் இருக்கும்போது எங்களில் ஒருவர் மூடியைத் திறந்தார். 'டப்' என்று சத்தம் வந்தது. கைதட்டினோம், படம் எடுத்தோம், இதே முகநூலில் போட்டோம். உங்களில் பலர் லைக்கும் போட்டீர்கள். பேரீச்சம்பழத் தட்டு அந்தப் படத்தில் ஒரு மூலையில்கூட விழவில்லை.

லீவு முடிந்து பாடசாலை திறந்ததும் எட்டாம் தரப் பிள்ளைகளிடம் 'எங்கள் வீட்டு நோன்பு' என்று ஒரு கட்டுரை எழுதச் சொன்னோம். ஒரு பிள்ளை எழுதியிருந்ததன் சாரம் இதுதான். உம்மா தினமும் ஸஹருக்கு முன்பே எழும்பி வட்டிலப்பம் அவிப்பார். பிள்ளை தேங்காய் துருவிக் கொடுக்கும். விடிந்ததும் நானா சைக்கிளில் கொண்டுபோய் ஒரு கடைக்குக் கொடுப்பார். காசு பெருநாளைக்கு முதல் தருவதாகக் கடைக்காரர் சொன்னார். தரவில்லை. அதனால் பெருநாளைக்குப் புது உடுப்பு இல்லை.

எந்தக் கடை என்று பிள்ளையைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டோம். நாங்கள் கைதட்டிய அதே கடை.

கடை முதலாளியிடம் போய்ப் பேசினோம். மறுக்கவில்லை. "தாறன் சேர், கொஞ்சம் இறுக்கம்" என்றார். அந்தப் போத்தலுக்கும் கடனா என்று கேட்டோம். "அந்தக் கம்பனிக்காரன் காசு கட்டாமப் பெட்டி இறக்க மாட்டான் சேர்" என்றார். அன்றே பாதிக் காசு போய்ச் சேர்ந்தது. மீதி இன்னும் இல்லை.

ஊரவர்களே, எங்கள் முழு வழக்கும் இந்த ஒரு பதிலில் இருக்கிறது. தூரத்துக் கம்பனிக்குக் கையில் காசு, ஊர் உம்மாவுக்குக் கடன். அந்தக் கடனில் நின்றுதான் நாம் 'சீசன்' கொண்டாடுகிறோம்.

அந்தப் போத்தல் ஹலாலா, மது அருந்துவோரைப் பார்த்துச் செய்வதா என்பதை உலமாக்கள் சொல்லட்டும். எங்கள் கேள்வி வேறு. அந்தப் போத்தலின் உருவம் பிரான்ஸின் ஷாம்பெயின் பிரதேசத்திலிருந்து வந்தது. அந்த மது நமக்கு ஹராம், அதில் பேச்சில்லை. ஆனால் அந்த ஊர் விவசாயிகளின் கதையில் நமக்கொரு பாடம் இருக்கிறது.

அங்கே திராட்சைத் தோட்டங்களில் சுமார் 90 வீதம் விவசாயிகள் கையில் இருக்கிறது. போத்தல் விற்பனையில் பெரும்பகுதியோ பெயர்பெற்ற பெரிய கம்பனிகளின் கையில். 1910இல் மழையும் நோயும் விளைச்சலை அழித்தன. வணிகர்களோ பிரான்ஸின் வேறு இடங்களிலிருந்து மலிவாகக் கொண்டுவந்து ஷாம்பெயின் என்ற பெயரில் விற்றார்கள். 1911 ஜனவரியில் விவசாயிகள் வண்டிகளை மறித்து அந்த மதுவைக் கொட்டினார்கள். ஏப்ரலில் ஆய் என்ற ஊரில் வணிகர்களின் கட்டடங்கள் எரிந்தன. இராணுவம் வந்தது. எரிப்பதை நாங்கள் நியாயப்படுத்தவில்லை. ஆனால் இன்னாரின் உழைப்புக்கு இன்னார் பெயர் என்ற கேள்வியை அவர்கள் விடவில்லை. எந்த நிலத்தில் விளைந்தது ஷாம்பெயின் என்பதற்கு 1927இல் சட்டத்தால் எல்லை வகுக்கப்பட்டது.

இன்று அந்தப் போத்தல்களின் லேபலில் சின்னதாக இரண்டு எழுத்துகள் இருக்கும். 'ஆர்.எம்.' என்றால் தன் தோட்டத்துத் திராட்சையில் தானே செய்த விவசாயி. 'என்.எம்.' என்றால் பிறரிடம் திராட்சை வாங்கியும் செய்கிற கம்பனி. விஷயம் தெரிந்தவர்கள் போத்தலைத் திருப்பி அந்த எழுத்தைப் பார்த்துவிட்டு, சிறு விவசாயியினுடையதைத் தேடி வாங்குகிறார்கள்.

மது குடிக்கிறவன் தன் கோப்பையில் உள்ளதை யார் செய்தார் என்று கேட்கிறான். நோன்பு திறக்கிற நாம் கேட்கவில்லை. இது நமக்கு வெட்கமாக இல்லையா?

அடுத்தது இந்த 'சீசன்' என்ற சொல். ரமழான் வருஷத்துக்குப் பத்துப் பதினொரு நாள் முன்னுக்கு வரும். ஏறத்தாழ 33 வருஷத்தில் எல்லாப் பருவத்தையும் சுற்றிவிடும். 2017, 2018இல் மே, ஜூனில் வந்தது. அப்போது மாம்பழமும் பாலைப்பழமும் இருந்தன. இப்போது பெப்ரவரி, மார்ச். கிழக்கில் மகாபோக அறுவடை நேரம். புது அரிசி வீட்டில் இருக்கிறது, வத்தகப்பழம் றோட்டோரத்தில் குவிந்து கிடக்கிறது. 2030இல் ஜனவரியில் ஒரு ரமழானும் டிசம்பர் கடைசியில் இன்னொரு ரமழானும் தொடங்கும். இரண்டும் மாரி காலம். இப்படி ஒவ்வொரு தலைமுறைக்கும் வேறு வேறு பழத்தோடு அல்லாஹ் நோன்பைத் தருகிறான். நம் பஃபே மேசையோ மாறுவதில்லை. வருஷா வருஷம் அதே வெளிநாட்டு அப்பிள், அதே பாஸ்டா, அதே கலர் தண்ணீர், இப்போது புதிதாக அந்தத் தங்கத்தாள் போத்தல். சீசன் என்று சொல்லிக்கொண்டு பருவத்தையே மேசையிலிருந்து இறக்கிவிட்டோம்.

சோடா வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. எங்கள் வாப்பாமார் காலத்தில் ஊரிலேயே சோடா அடித்த சிறு கடைகள் இருந்தன. நன்னாரி சர்பத் இருந்தது. இஞ்சி போட்ட சோடாவுக்கு நோன்பு திறந்தவுடன் வயிறு இலேசாகும். அவற்றை யாரும் தடை செய்யவில்லை. நாம் கேட்காமல் விட்டோம், அவர்கள் கடையைப் பூட்டினார்கள்.

நீங்கள் சொல்லப்போகும் பதில்கள் எங்களுக்குத் தெரியும்.

"வீட்டில் பொம்பளைகள்தானே அடுப்பில் வேகிறார்கள், ஒருநாள் வெளியில் சாப்பிட்டால் என்ன?" நூற்றுக்கு நூறு சரி. அஸருக்குப் பிறகு ஆண்கள் ஓதிக்கொண்டிருக்க, பெண்கள் சமூசா பொரித்தபடியே நோன்பு திறப்பதை நாங்களும் பார்த்துத்தான் வளர்ந்தோம். வெளியில் சாப்பிடுங்கள், குடும்பத்தோடு போங்கள். ஆனால் உங்கள் வீட்டுப் பெண்ணுக்குக் கிடைத்த ஓய்வு இன்னொரு வீட்டுப் பெண்ணின் கூலி இல்லாத உழைப்பாக இருக்கக்கூடாது.

"கடைக்காரரும் நம்ம பிள்ளைதானே?" ஆமாம். கேஸ், கரண்ட், வாடகை எல்லாம் அவர் தலையில். அந்தக் கடையில் எங்கள் பழைய மாணவர்கள் வேலை செய்கிறார்கள். அதனால்தான் கடையின் பெயரை எழுதவில்லை, பகிஷ்கரிக்கவும் சொல்லவில்லை. யாராவது கொமன்டில் ஊகித்துப் பெயர் போட்டால் அழித்துவிடுவோம்.

"சின்ன ஆட்களின் சாமான் சுத்தமா?" நியாயமான கேள்வி. சிறியவர் எல்லோரும் நல்லவர் இல்லை. தயிருக்குப் பால் எடுக்கும்போது தண்ணீர் கலக்கிறவரும் சிறியவர்தான். பி.எச்.ஐ. வந்து பார்க்கட்டும், திகதி ஒட்டட்டும், சட்டியை மூடி விற்கட்டும். அதைச் செய்யச் சொல்லிக் கேட்கிற உரிமை, காசைக் கையில் கொடுக்கிறவருக்குத்தான் இருக்கிறது. கடன் வைத்துக்கொண்டு சுத்தம் கேட்க முடியாது.

ஆகவே அடுத்த நோன்புக்கு நாங்கள் முடிவெடுத்தது இது. உங்களிடமும் இதையே கேட்கிறோம்.

ரெஸ்டூரன்டில் மேசை பதியும்போது இரண்டு கேள்வி கேளுங்கள். தயிர், வட்டிலப்பம், பானம் யாருடையது? அவருக்குக் காசு எப்போது போகும்? நாலு பேர் கேட்டால் சிரிப்பார்கள். நாற்பது பேர் கேட்டால் மெனுவில் பெயர் எழுதுவார்கள்.

கூட்டமாகப் போகிறவர்கள், முக்கியமாகப் பாடசாலைகள், சங்கங்கள், விளையாட்டுக் கழகங்கள், முற்பணம் கொடுக்கும்போதே ஒரு நிபந்தனை வையுங்கள். ஊர்ச் சாமானுக்கு அன்றன்றே காசு.

கடைக்கார நானாமார் ஒன்றைச் செய்யுங்கள். வெளிநாட்டுப் போத்தலை வைத்துத்தான் ஆகவேண்டும் என்றால் வையுங்கள். அதன் பக்கத்தில் ஊரில் செய்த சர்பத்தையும் அதே அழகான கிளாஸில் ஊற்றி வையுங்கள். பிளாஸ்டிக் கப்பில் ஊற்றி ஓரத்தில் ஒளித்துவைத்துவிட்டு "யாரும் கேட்பதில்லை" என்று சொல்லாதீர்கள்.

ரஸூலுல்லாஹ் (ஸல்) அவர்கள் கனிந்த பேரீச்சம்பழத்தால் நோன்பு திறந்தார்கள், அது இல்லாவிட்டால் காய்ந்த பேரீச்சம்பழம், அதுவும் இல்லாவிட்டால் தண்ணீர் என்று நாங்கள்தான் பிள்ளைகளுக்குப் படிப்பித்துக் கொடுக்கிறோம். அந்த நேரத்தில் கையில் இருந்தது எதுவோ அதுதான் அந்த மேசை. உழைத்தவரின் கூலியைத் தாமதிக்கக்கூடாது என்பதையும் நாங்கள்தான் படிப்பிக்கிறோம். படிப்பித்துவிட்டு மாலையில் போய்க் கைதட்டினோம்.

அந்தப் பிள்ளையின் கட்டுரைக்கு நாங்கள் இன்னும் புள்ளி போடவில்லை. மீதிக் காசு போய்ச் சேர்ந்த பிறகு போடுவோம். தராவிட்டால் திரும்பவும் போய்க் கேட்போம்.

உங்கள் தெருவில் வட்டிலப்பம், தயிர், சர்பத் செய்து விற்கிறவர்கள் இருந்தால், முதலில் அவர்களிடம் சம்மதம் கேட்டுவிட்டு எங்களுக்கு உள்பெட்டியில் அறிவியுங்கள். அடுத்த ஷஃபானுக்குள் ஒரு பட்டியல் செய்து எல்லாக் கடைகளுக்கும் கொண்டுபோய்க் கொடுப்போம். எங்களோடு கடைக்கு வர விருப்பமானவர்களும் சொல்லுங்கள். ஆசிரியர்கள் மட்டும் போனால் பாடம் எடுக்க வந்துவிட்டார்கள் என்பார்கள்.

வஸ்ஸலாம்.