எந்தச் சாமானியனின் நண்பன்?

அமெரிக்காவின் தென் கரோலினா மாநிலச் சட்டமன்ற வளாகத்தில் பெஞ்சமின் டில்மனுக்குச் சிலை வைத்திருக்கிறார்கள். 1940இல் வைத்தது; இன்னும் நிற்கிறது. சாமானிய மக்களின் நண்பன், தலைவன் என்று அதில் பொறித்திருக்கிறது. எந்தச் சாமானியன் என்று நான் கேட்கிறேன்.

1847இல், அடிமைகளை வைத்துப் பிழைத்த பண்ணைக் குடும்பத்தில் பிறந்தவன். 1890 முதல் 1894 வரை ஆளுநர். அங்கே ஆளுநர் என்றால் ஓட்டு வாங்கி ஆட்சி நடத்துகிறவர். விவசாயிகளின் காவலன் என்று சொல்லித்தான் ஓட்டு வாங்கினான். கிளெம்சன் வேளாண் கல்லூரி வருவதற்குப் பாடுபட்டான். சீர்திருத்தவாதி என்று எழுதுகிறவர்கள் இதைத்தான் எடுத்துக் காட்டுவார்கள். அந்தக் கல்லூரிக்குள் முதல் கறுப்பு மாணவர் கால் வைத்தது 1963இல்! மண்ணைக் கொத்தியவர்களில் பெரும்பகுதி கறுப்பர்கள். அவன் கணக்கில் அவங்க விவசாயியே இல்ல.

1876 ஜூலை 8. ஹாம்பர்க் ஊரில் கறுப்பர் படையினரைத் தாக்கப் போன வெள்ளைக் கும்பலில் இவனும் ஒருத்தன். ஆறு கறுப்பர்களைக் கொன்றார்கள். பிடித்து வைத்திருந்தவர்களையே சுட்டுப் போட்டார்கள். ஒருத்தனுக்கும் தண்டனை இல்லை. டில்மன் இதை மறைக்கவில்லை, மேடைக்கு மேடை சொல்லி ஓட்டாக்கினான். 1893இல் ஜான் பீட்டர்சன் என்ற கறுப்பர், தான் குற்றமற்றவன் என்று ஆளுநரான இவனிடமே அடைக்கலம் கேட்டார். ஒரே ஒரு காவலாளியோடு டென்மார்க் என்ற ஊருக்கு அனுப்பி வைத்தான். கும்பல் கொன்றுவிட்டது.

பிறகு 1895. புது அரசியல் சட்டம் எழுத மாநாடு. மாநிலத்தில் கறுப்பர்களே பெரும்பான்மை. மாநாட்டிலோ ஆறே பேர். எழுத்தறிவுத் தேர்வு, இல்லையென்றால் 300 டாலர் சொத்து என்று விதி போட்டார்கள். எழுதப் படிக்கத் தெரியாத வெள்ளையனுக்கு மட்டும் சந்து வைத்தார்கள்: சட்டத்தை வாசித்துக் காட்டும்போது புரிந்ததாக அதிகாரி ஒத்துக்கொண்டால் போதும். அதிகாரி யாரு? வெள்ளையன். அந்தச் சந்தையும் 1898இல் அடைத்தார்கள். ஏழை வெள்ளையனுக்கு டில்மன் நிலம் கொடுத்தானா? மிதிக்க ஒரு முதுகைக் காட்டினான்.

'இனவெறி தப்புதான், ஆனாலும் ஏழைக்கு நல்லது செய்தானே' என்று பிரித்துப் பேசுகிறார்கள். பிரிக்க முடியாது. கறுப்பரிடம் பறித்த ஓட்டின் மேல்தான் அந்த 'நல்லது' நின்றது.

மாநாட்டில் அவனை எதிர்த்து நின்றவர் ராபர்ட் ஸ்மால்ஸ். அடிமையாகப் பிறந்து, 1862இல் எதிரியின் கப்பலையே ஓட்டிக்கொண்டு விடுதலைக்கு வந்தவர். அவருக்கு அதே வளாகத்தில் நினைவுச் சின்னம் வைக்க 2024இல் சட்டம் செய்தார்கள். வைக்கட்டும். ஆனால் கொன்றவனையும் எதிர்த்தவரையும் ஒரே வளாகத்தில் நிறுத்திவிட்டு, கணக்கு நேராகிவிட்டது என்று சொல்லாதீர்கள். முதலில் அவனை இறக்குங்கள்.