பழுதான வண்டியை விற்ற கம்பெனியே திரும்ப வாங்க வேண்டும்!

சந்தையில் மாடு பிடிக்கிற விவசாயி பல்லைப் பிடித்துப் பார்க்கிறார், சுழி பார்க்கிறார், நாலடி நடக்க விட்டுப் பார்க்கிறார். மாட்டின் குணமும் குற்றமும் அவர் கண்ணுக்கும் கைக்கும் எட்டுகிற விஷயம். ஆனால் கடன் வாங்கி ஓர் ஆட்டோவோ, லோடு வண்டியோ, ஸ்கூட்டரோ எடுக்கிற தொழிலாளி எதைப் பிடித்துப் பார்க்க முடியும்? இன்ஜினைத் திறந்து பார்த்தால் வாரண்டி போய்விடும் என்கிறது கம்பெனி. வார்ப்பில் குறையா, வயரிங்கில் குறையா, பாட்டரியில் குறையா என்பது தயாரித்தவனுக்குத்தான் தெரியும். கம்பெனியின் வாக்கை நம்பித்தான் தொழிலாளி பணத்தைக் கொடுக்கிறார். அந்த வாக்கு பொய்யானால், வண்டியைத் திரும்ப எடுத்துக்கொண்டு பணத்தைக் கொடுக்க வேண்டியது கம்பெனியின் கடமை. இது சலுகையல்ல, தானமுமல்ல. வாங்கிய காசுக்கு ஒழுங்கான பொருள் கொடு என்கிற சாதாரண நியாயம்.

இந்த நியாயம் நம் நாட்டுச் சட்டப் புத்தகத்தில் இருக்கிறது. ஆனால் உழைப்பாளியின் கைக்கு எட்டுவதில்லை. ஏன் எட்டுவதில்லை, எட்டச் செய்ய என்ன வழி என்பதை நாம் பார்க்க வேண்டும்.

யார் தலையில் விழுகிறது?

தாம்பரம், குரோம்பேட்டை, மேடவாக்கம், பெருங்களத்தூர், கூடுவாஞ்சேரி வட்டாரத்தில் ஷேர் ஆட்டோவும் லோடு ஆட்டோவும் ஓட்டுகிறவர்கள் யார்? ஆலை மூடப்பட்டு வீதிக்கு வந்தவர்கள். ஒப்பந்த வேலை முடிந்தது என்று வெளியே அனுப்பப்பட்டவர்கள். கிராமத்தில் விவசாய வேலை கிடைக்காமல் பட்டணத்துக்கு வந்தவர்கள். இவர்களுடைய சொத்தெல்லாம் அந்த ஒரு வண்டிதான். அதுவும் ஃபைனான்ஸ்காரன் பெயர் எழுதிய சொத்து.

வண்டி எடுத்த இரண்டாம் மாதமே நடுரோட்டில் நின்றுவிடுகிறது என்று வைத்துக்கொள்வோம். சர்வீஸ் சென்டருக்குத் தள்ளிக்கொண்டு போகிறார். நாலு நாள் கழித்து, “சரியாகிவிட்டது, எடுத்துக்கொண்டு போ” என்கிறார்கள். பத்து நாளில் அதே கோளாறு. மறுபடியும் ஒரு வாரம். “ஓட்டுவது சரியில்லை”, “லோடு அதிகம்”, “பெட்ரோலில் தண்ணீர்” என்று தினம் ஒரு காரணம். ஷோரூமில் கேட்டால் கம்பெனியைக் கேள் என்கிறார்கள். கம்பெனியைக் கேட்டால் ஷோரூமைக் கேள் என்கிறார்கள். வண்டி ஷெட்டில் கிடக்கிறது. வீட்டில் உலை கொதிப்பதில்லை. ஆனால் மாதம் பிறந்தால் டியூ மட்டும் தவறாமல் வந்து நிற்கிறது. இரண்டு டியூ தவறினால் வண்டியைத் தூக்க ஆள் வருகிறது. அடியாட்களை வைத்துக் கடன் வசூலிப்பதை 2007-லேயே உச்ச நீதிமன்றம் கண்டித்தது. கண்டனம் ஏட்டில் இருக்கிறது; அடியாள் வாசலில் இருக்கிறான்.

பெரிய கம்பெனிக்கே 15 வருஷம்!

ஹைதராபாத்தில் ஒரு கட்டுமானக் கம்பெனி 2009 செப்டம்பர் 25-ல் பி.எம்.டபிள்யூ. கார் ஒன்று வாங்கியது. நாலே நாளில் கோளாறு தெரிந்தது. நவம்பரில் மறுபடியும் அதே கதி. புகார் போலீசுக்குப் போய், கிரிமினல் வழக்காகி, ஹைகோர்ட்டுக்குப் போனது. 2012-ல் ஹைகோர்ட் வழக்கை ரத்து செய்தது. புதுக் கார் கொடு என்றும் சொன்னது. வாங்கியவர்கள் கார் வேண்டாம், பணம் வேண்டும் என்றார்கள். கடைசியாக 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றம் 50 லட்ச ரூபாய் கொடுத்து விஷயத்தை முடிக்கும்படி உத்தரவிட்டது. இந்த பி.எம்.டபிள்யூ. இந்தியா கம்பெனிக்குத் தொழிற்சாலை எங்கே இருக்கிறது? நம் மறைமலை நகரை அடுத்த மகிந்திரா வேர்ல்டு சிட்டியில்தான்.

வக்கீல் படை வைத்திருக்கிற ஒரு கம்பெனிக்கே நியாயம் கிடைக்கப் பதினைந்து வருஷம். அன்றாடம் ஓட்டினால்தான் அன்றாடம் சாப்பாடு என்று இருக்கிற ஆட்டோத் தொழிலாளி எத்தனை வருஷம் காத்திருப்பார்?

தீர்ப்பு அதிர்ஷ்டமாக இருக்கலாமா?

2006-ல் மாருதி கம்பெனி சம்பந்தப்பட்ட ஒரு வழக்கு உச்ச நீதிமன்றத்துக்கு வந்தது. கிளட்ச் கோளாறு. கீழே காரையே மாற்றிக் கொடு என்று உத்தரவாகியிருந்தது. உச்ச நீதிமன்றமோ, வாரண்டியில் பழுதான பாகத்தை மாற்றுவதாகத்தான் இருக்கிறது, காரையே மாற்றச் சொல்வது சரியல்ல என்று கூறி, 50,000 ரூபாயோடு முடித்துவிட்டது.

2022 ஏப்ரலில் வேறொரு வழக்கு. 2015-ல் வாங்கிய ஹூண்டாய் கிரெட்டா கார் 2017-ல் டெல்லி–பானிபட் ரோட்டில் விபத்துக்குள்ளானது. உயிர் காக்க வேண்டிய காற்றுப்பை விரியவில்லை. காரின் வேகம், மோதிய திசை, விசை என்று கம்பெனி கணக்குப் பேசியது. வண்டி வாங்குகிறவன் பௌதிக சாஸ்திர நிபுணனாக இருக்க வேண்டியதில்லை என்று உச்ச நீதிமன்றம் பதில் சொன்னது. 3 லட்ச ரூபாயும், கூடவே மாற்று வண்டியும் கொடுக்கச் சொன்ன கீழ் ஆணையத்தின் உத்தரவு நிலைத்தது.

இரண்டாவது தீர்ப்பை வரவேற்கிறோம். ஆனால் ஒருவருக்கு 50,000 ரூபாய், இன்னொருவருக்குப் புது வண்டி என்ற நிலைமை ஏன்? எத்தனை தடவை ரிப்பேர் செய்தும் சரியாகாவிட்டால் வண்டியைத் திரும்ப எடுக்க வேண்டும் என்று நம் சட்டம் ஒரு கணக்குச் சொல்லவில்லை. பணத்தைத் திருப்பிக் கொடு என்றோ, வண்டியை மாற்றிக் கொடு என்றோ உத்தரவிட 2019-ம் வருஷ நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் ஆணையத்துக்கு அதிகாரம் கொடுக்கிறது. எப்போது அப்படி உத்தரவிட்டே தீர வேண்டும் என்று மட்டும் சொல்லவில்லை. அந்த இடைவெளியில்தான் கம்பெனி வக்கீல்கள் குடியிருக்கிறார்கள்.

மற்ற நாடுகளில் கணக்கு இருக்கிறது. முதலாளித்துவத்தின் கோட்டையான அமெரிக்காவிலேயே கனெக்டிகட் மாநிலம் 1982-ல் சட்டம் போட்டது: ஒரே கோளாறை நாலு தடவை பார்த்தும் தீராவிட்டால், அல்லது வண்டி 30 நாள் ஷெட்டில் கிடந்தால், கம்பெனி பதில் சொல்ல வேண்டும். நம் தமிழ்த் தொழிலாளர்கள் ஆயிரக்கணக்கில் உழைக்கும் சிங்கப்பூரில் 2012 செப்டம்பர் முதல் ஒரு விதி உண்டு: வாங்கிய ஆறு மாதத்துக்குள் குறை தெரிந்தால், அது விற்கும்போதே இருந்த குறை என்றே கொள்ளப்படும், இல்லையென்று விற்றவன்தான் நிரூபிக்க வேண்டும். சீனாவில் 2013 அக்டோபரில் குடும்ப உபயோகக் கார்களுக்கு விதி வந்தது: 60 நாளுக்குள் அல்லது 3,000 கிலோமீட்டருக்குள் பிரேக்கோ ஸ்டியரிங்கோ செயலிழந்தால், மாற்றுக் கார் அல்லது பணம் வாபஸ். அங்கெல்லாம் முடிகிற காரியம் இங்கே ஏன் முடியாது?

“அல்லது” என்ற ஒரு சொல்

மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019-ல் 110-ஏ என்ற பிரிவைச் சேர்த்தார்கள். அது 2021 ஏப்ரல் 1 முதல் அமலில் இருக்கிறது. ஆபத்தான குறையுள்ள வண்டிகளைத் திரும்ப அழைக்கும்படி மத்திய சர்க்கார் கம்பெனிக்கு உத்தரவிடலாம். முழு விலையையும் கொடு, அல்லது வேறு வண்டி கொடு, அல்லது ரிப்பேர் செய்து கொடு என்கிறது சட்டம். அந்த “அல்லது” இருக்கும்வரை எந்த முதலாளி முழு விலையைக் கொடுப்பான்? ரிப்பேரோடு கையைக் கழுவத்தான் பார்ப்பான். மேலும், வண்டிக்காரர்களின் புகாரை வைத்து இந்தச் சக்கரம் சுழல வேண்டுமென்றால், அது குறிப்பிட்ட எண்ணிக்கையில் சேர வேண்டும். தனி ஆளின் புகார் குப்பைக் கூடைக்குப் போகும்.

2022 மார்ச்சில் வேலூரில் சார்ஜில் போட்டிருந்த மின்சார ஸ்கூட்டர் தீப்பிடித்து, புகையில் மூச்சு முட்டித் தகப்பனும் மகளும் மாண்டார்கள். அதன் பிறகுதான் சில கம்பெனிகள் ஆயிரக்கணக்கில் ஸ்கூட்டர்களைத் திரும்ப அழைத்துச் சோதித்தன. உயிர் போன பிறகு விழிக்கிற சட்டம் யாருக்காக? டிரெய்லரும் தர அங்கீகாரம் பெற்ற பிறகே விற்கப்பட வேண்டும் என்கிறது 110-பி பிரிவு. டிராக்டர் டிரெய்லரில் நடவுக்கும் அறுப்புக்கும் அடைத்துக்கொண்டு போகிற நம் விவசாயத் தொழிலாளர்களும் பெண்களும் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். இணைப்புக் கொக்கி ஒடிந்தால் விலை கொடுப்பது அவர்கள் உயிர்தான்.

தொழிலாளி மேல் பழி போடாதே!

வண்டியில் குறையென்றால், “ஆலையில் சரியாக வேலை செய்யவில்லை” என்று சிலர் தொழிலாளியைக் காட்டுகிறார்கள். இதை நாம் ஏற்க முடியாது. உதிரி பாகத்தை எங்கே மலிவாக வாங்குவது என்று தீர்மானிப்பது தொழிலாளியல்ல. லைனின் வேகத்தைக் கூட்டுவது தொழிலாளியல்ல. அனுபவஸ்தர்களை நீக்கிவிட்டு அப்ரெண்டிஸ் பையன்களையும் ஒப்பந்த ஆட்களையும் நிறுத்துவது தொழிலாளியல்ல. ஒரகடத்திலும் இருங்காட்டுக்கோட்டையிலும் வண்டி பூட்டுகிறவரும், தாம்பரத்தில் அந்த வண்டியை ஓட்டுகிறவரும் ஒரே வர்க்கம். லாபம் மட்டும் வேறு வீட்டுக்குப் போகிறது.

கம்பெனி மூடினால் இருவருமே வீதியில்தான். வண்டலூர்ப் பக்கத்தில் ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனி இருந்ததைப் பெரியவர்கள் அறிவார்கள். 1985-ல் ஆடம்பரமாக ஸ்டாண்டர்டு 2000 என்ற காரைக் கொண்டுவந்தது. 1988-ல் கம்பெனியே நின்றுபோனது. ஃபோர்டு கம்பெனி 2021-ல் அறிவித்து, 2022-ல் மறைமலை நகரில் கார் உற்பத்தியை நிறுத்தியது. வேலை செய்தவர் வேலையை இழந்தார். வண்டி வாங்கியவர் கவலையைச் சுமந்தார்.

இன்றே செய்ய வேண்டியது

சட்டம் திருந்தும்வரை கையைக் கட்டிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. இருக்கிற ஆயுதத்தை எடுப்போம்.

வண்டியை ஒவ்வொரு தடவை விடும்போதும் ஜாப் கார்டு கேட்டு வாங்குங்கள். நீங்கள் சொன்ன கோளாறு அதில் எழுதப்பட்டிருக்கிறதா என்று படித்துப் பார்த்த பிறகே கையெழுத்திடுங்கள். வாய்ச்சொல் காற்றோடு போகும். கார்டு ஆணையத்தில் பேசும்.

கம்பெனிக்கும் டீலருக்கும் தபாலில் நோட்டீஸ் அனுப்புங்கள். வழக்கில் இருவரையும் சேருங்கள். பழைய காரைப் புதுக் கார் என்று டீலர் விற்ற கோவா வழக்கொன்றில், 2021-ல், டாட்டா மோட்டார்ஸ் கம்பெனி பொறுப்பல்ல என்று உச்ச நீதிமன்றம் விடுவித்தது. ஒருவரை விட்டால் இன்னொருவர் நழுவுவார்.

செங்கற்பட்டில் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. நீங்கள் குடியிருக்கிற இடத்திலேயே வழக்குப் போடலாம். கம்பெனியைத் தேடி வெளியூர் போக வேண்டாம். கொடுத்த விலை 5 லட்சம் வரை என்றால் கோர்ட் கட்டணம் கிடையாது. வக்கீல் இல்லாமலும் பேசலாம். இரண்டு வருஷத்துக்குள் பதிய வேண்டும், இதை மறக்காதீர்கள்.

“இது வியாபார வண்டி, நீ நுகர்வோரே அல்ல” என்று கம்பெனி வக்கீல் முதல் அம்பை விடுவார். கோவை பி.எஸ்.ஜி. இன்ஸ்டிடியூட் சம்பந்தப்பட்ட வழக்கில் 1995-ல் உச்ச நீதிமன்றம் இதற்குப் பதில் சொல்லிவிட்டது. அந்த வழக்கில் இயந்திரம் வாங்கியவர்கள் தோற்றார்கள். ஆனால் பிழைப்புக்காகத் தானே ஓட்ட ஆட்டோ வாங்குகிறவரும், தானே ஓட்ட லாரி வாங்குகிறவரும் நுகர்வோர்தான் என்று அந்தத் தீர்ப்பிலேயே எழுதியிருக்கிறது. புதுச் சட்டத்திலும் அந்தப் பாதுகாப்பு உண்டு.

ஆத்திரத்தில் டியூவை நிறுத்திவிடாதீர்கள். டியூ நின்றால் வண்டி போகும்; வண்டி போனால் சாட்சியே போகும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, தனியாகப் போகாதீர்கள். ஒவ்வொரு ஸ்டாண்டிலும் ஒரே மாடல் வண்டியில் ஒரே கோளாறு கண்டவர்கள் பட்டியலைச் சங்கம் எடுக்க வேண்டும். ஒரே குறையுள்ள பலருக்காக, அனுமதி பெற்று, ஒருவரே வழக்குத் தொடுக்கச் சட்டம் இடம் கொடுக்கிறது. ஒருவர் போனால் “ஓட்டத் தெரியாதவன்” என்பார்கள். ஐம்பது பேர் ஜாப் கார்டோடு போனால் அதே வாய் என்ன சொல்லும் பார்ப்போம்!

நம் கோரிக்கை

சர்க்காரிடம் பகிரங்கமாகக் கேட்கிறோம்:

1. முதல் இரண்டு வருஷத்தில் ஒரே கோளாறு மூன்று தடவை பார்த்தும் தீராவிட்டால், அல்லது வண்டி மொத்தம் 30 நாள் ஷெட்டில் கிடந்தால், கம்பெனி திரும்ப வாங்கியே தீர வேண்டும். விலையோடு பதிவுச் செலவு, இன்சூரன்ஸ், கடன் வட்டி, இழந்த கூலி அனைத்தையும் கொடுக்க வேண்டும்.

2. குறை இல்லையென்று நிரூபிக்கும் பொறுப்பு கம்பெனியுடையது. இன்று பரிசோதனைக் கட்டணத்தை முதலில் புகார்க்காரரிடம் கேட்கலாம் என்று இருக்கிறது; அதைக் கம்பெனியே கட்ட வேண்டும்.

3. வண்டி ஷெட்டில் இருக்கும் நாட்களுக்கு டியூ நிற்க வேண்டும்; வட்டி ஏறக்கூடாது; வண்டியைப் பறிக்கக் கூடாது.

4. பரிசோதனை தேவைப்படாத வழக்கை மூன்று மாதத்திலும், தேவைப்படும் வழக்கை ஐந்து மாதத்திலும் முடிக்க முயல வேண்டும் என்கிறது சட்டம். “முயல” என்பதை எடுத்துவிட்டு, முடிக்க வேண்டும் என்று எழுதுங்கள்.

5. குறையைக் கண்டு லைனை நிறுத்தச் சொல்லும் தொழிலாளியைப் பழிவாங்கக் கூடாது.

ஆலைத் தொழிலாளியும் ஆட்டோத் தொழிலாளியும் விவசாயத் தொழிலாளியும் சேர்ந்து கேட்டால் இதைத் தட்டிக்கழிக்க எந்தச் சர்க்காராலும் முடியாது. எட்டு மணி நேர வேலையும் போனஸும் யாரும் தானாகக் கொடுத்தவையல்ல. சங்கம் கேட்டு வாங்கியவை. இதையும் கேட்டு வாங்குவோம்.