ஒப்பமிடும் கையின் தகுதி

இந்திய வான்படையின் தொழில்நுட்பப் பணியில் சேர விரும்பும் இளைஞர் இன்று முதலில் காண்பது 'அக்னிவீர் வாயு' அறிவிப்பு. பன்னிரண்டாம் வகுப்பில் கணக்கும் இயற்பியலும் ஆங்கிலமும் படித்து 50 விழுக்காடு பெற்றிருக்க வேண்டும். அல்லது மின்னணுவியல், மின்னியல், இயந்திரவியல் போன்ற துறையொன்றில் மூன்றாண்டுப் பட்டயம் முடித்திருக்க வேண்டும். வயது பதினேழரைக்கு மேல், 21க்குள். எழுத்துத் தேர்வு, உடற்தகுதித் தேர்வு, மருத்துவச் சோதனை ஆகியவை தொடரும். அதிகாரியாகச் சேர்வோருக்கு நான்காண்டுப் பொறியியல் பட்டமும் அதில் 60 விழுக்காடும் வேண்டும். இவை யாவும் நியாயமான வாயிற்படிகள். இவற்றில் ஒன்றையும் குறைக்கச் சொல்ல நமக்கு மனமில்லை. ஆயினும் வாயிற்படியைத் தாண்டியவரை வல்லுநராக்குவது எது, வல்லுநரானவரை அரசு என்ன செய்கிறது என்ற இரண்டு கேள்விகளுக்கும் அறிவிப்பில் விடையில்லை. நாட்டின் வான் பாதுகாப்பு அவ்விரண்டு விடைகளில்தான் நிற்கிறது.

ஏவியானிக்ஸ் எனப்படும் வான்மின்னணுவியல் ஒரு காலத்தில் வானொலியும் திசைகாட்டியும் சில முள் கருவிகளும் மட்டுமாக இருந்தது. இன்று அது வானூர்தியின் நரம்பு மண்டலம். கோவையை அடுத்த சூலூரில் நிற்கும் தேஜஸ் போர்விமானத்தை எடுத்துக்கொள்வோம். விரைந்து திரும்ப வேண்டும் என்பதற்காகவே நிலைத்தன்மை குறைவாக வடிவமைக்கப்பட்டது அது. நான்கு தனித்தனித் தடங்களில் இயங்கும் கணினிகள் நொடிதோறும் பலமுறை திருத்திக்கொண்டே இருப்பதால்தான் அது வானில் நிற்கிறது. விமானி கோலை அசைக்கிறார். இறக்கையின் மடல்களை அசைப்பது கணினி. அக்கணினிக்குக் காற்றின் வேகத்தையும் அழுத்தத்தையும் கோணத்தையும் சொல்லும் உணரிகள் பிழையாகச் சொன்னால், எவ்வளவு தேர்ந்த விமானியும் பிழையான உலகத்தில்தான் பறப்பார். தஞ்சையின் சுகோய் விமானங்களுக்கும் அரக்கோணத்திலிருந்து கடலைக் கண்காணிக்கும் பி-8ஐ விமானங்களுக்கும் வேறு வேறு அளவில் இது பொருந்தும்.

இதற்குச் சான்றாக 2008ஆம் ஆண்டு பிப்ரவரி 23 அன்று குவாம் தீவில் நிகழ்ந்ததை அரசு வானூர்திகளைப் பேணும் ஒவ்வொருவரும் படித்தறிய வேண்டும். அமெரிக்க வான்படையின் பி-2 குண்டுவீச்சு விமானம் ஓடுபாதையை விட்டெழுந்த சில நொடிகளில் விழுந்து எரிந்தது. விமானிகள் இருவரும் வெளியேறி உயிர் தப்பினர். 140 கோடி டாலர் பெறுமான விமானம் சாம்பலாயிற்று. காற்றழுத்தம் அளக்கும் 24 உணரிகளில் மூன்றில் ஈரம் புகுந்திருந்தது. ஈரத்தோடே அவை அளவு திருத்தப்பட்டன. புறப்படும் வேளையில் சூட்டில் ஈரம் உலர்ந்தது. திருத்திய அளவு பொய்யாயிற்று. உள்ளதைவிட மிகுதியான வேகத்தைக் கணினி காட்டியது. வேகம் போதாத நிலையில் மூக்கு சட்டென மேலெழுந்தது.

இதில் நெஞ்சைச் சுடும் செய்தி ஒன்றுண்டு. அளவு திருத்தும் முன் உணரிகளைச் சூடேற்றினால் ஈரம் போய்விடும் என்பதை இரண்டாண்டுகளுக்கு முன்பே அத்தீவில் பணியாற்றிய தொழில்நுட்பர் சிலர் கண்டறிந்திருந்தனர். ஆனால் அது முறையான கையேட்டில் ஏறவில்லை. கண்டவர்கள் மாறிச் சென்றனர். பின்வந்தவர்களுக்கு அது தெரியாமற் போயிற்று. அந்த விமானத்தைப் பேணியவர்களிடம் சான்றிதழ் இல்லாமலில்லை. ஒருவர் கையால் கற்றது அடுத்தவர் கைக்குச் சேரவில்லை.

பதிவின் நேர்மை குறைந்தால் என்னவாகும் என்பதை 2018 அக்டோபர் 29 காட்டியது. ஜகார்த்தாவிலிருந்து புறப்பட்ட லயன் ஏர் விமானம் கடலில் விழுந்து 189 பேர் மாண்டனர். அதில் முதற்பெரும் குற்றம் வடிவமைப்பினுடையது. காற்றின் கோணத்தைச் சொல்லும் ஒரே உணரியை நம்பி மூக்கைத் தாழ்த்தும் ஏற்பாட்டைச் செய்தவர்களை எவரும் மன்னிக்க இயலாது. எனினும் அந்த உணரி முந்தைய நாள்தான் புதிதாகப் பொருத்தப்பட்டது. வேறொரு நாட்டுப் பட்டறையில் பழுது நீக்கப்பட்ட அது 21 பாகை பிழையாகக் காட்டியது. பொருத்திய பின் செய்ய வேண்டிய சோதனையின் அளவுகள் பதிவேட்டில் இல்லை. அச்சோதனை செவ்வனே நடந்து எண்கள் எழுதப்பட்டிருந்தால், 21 பாகைப் பிழை தரையிலேயே கண்ணில் பட்டிருக்கும்.

ஆகவே தகுதி என்ற சொல்லைச் சற்று விரித்துப் பார்க்க வேண்டியுள்ளது. வானூர்தி ஒன்றில் ஒரு கருவி 'வேலை செய்யவில்லை' என்று விமானி எழுதிவைக்கிறார். அனுபவமற்றவர் அக்கருவிப் பெட்டியைக் கழற்றிப் புதிது மாட்டுவார். கழற்றியதைப் பட்டறையில் சோதித்தால் பழுதேதும் இராது. மறுபடி பறந்தால் அதே குறை வரும். உண்மைப் பழுது ஓர் இணைப்பானின் முனையில் படிந்த உப்பிலோ, உரசித் தேய்ந்த ஒரு கம்பியிலோ, உடல்தகட்டோடு சரியாகச் சேராத ஒரு தரையிணைப்பிலோ இருக்கும். சென்னை போலக் கடற்காற்று வீசும் தளங்களில் இது அன்றாடக் கதை. மின்சுற்று வரைபடத்தைப் பக்கம் பக்கமாகத் தொடர்ந்து, மின்னழுத்தம் எங்கே இருக்கிறது, எங்கே தொலைகிறது என்று பொறுமையாகத் தேடிச் சென்று அம்முனையைக் கண்டுபிடிப்பவரே வல்லுநர். அவருக்கு வண்ணக் கம்பிகளைப் பிழையறப் பிரித்தறியும் கண் வேண்டும். ஏறத்தாழ 3,000 வோல்ட்டுக்குக் கீழான நிலைமின்னேற்றத்தை மனிதத் தோல் உணராது. அதிற் சிறு பகுதியே நுண்சில்லுகளை மாய்க்கப் போதும். மணிக்கட்டில் தரையிணைப்புப் பட்டையைக் கட்டாமல் மின்சுற்று அட்டையைத் தொடுவதில்லை என்னும் ஒழுக்கம், யாரும் பார்க்காதபோதும் வேண்டும்.

குடிமை வானூர்தித் துறையின் சட்டம் இதை ஓரளவு உணர்ந்திருக்கிறது. மாநில அரசுகளின் வானூர்திகளும் ஹெலிகாப்டர்களும் இச்சட்டத்துக்கு உட்பட்டவை. அவற்றின் மின்னணுப் பகுதியைச் சீர் செய்து, 'பறக்கத் தக்கது' என்று ஒப்பமிட, குடிமை வானூர்திப் போக்குவரத்துத் தலைமை இயக்ககம் வழங்கும் 'பி2' வகைப் பராமரிப்புப் பொறியாளர் உரிமம் வேண்டும். மின்னியல், மின்னணுவியல், எண்ணியல் நுட்பம், பொருள்களும் உறுப்புகளும், பராமரிப்பு நடைமுறை, காற்றியக்கவியல், மனிதக் காரணிகள், வானூர்திச் சட்டம் எனப் பல தாள்களில் ஒவ்வொன்றிலும் 75 விழுக்காடு எடுக்க வேண்டும். அது மட்டும் போதாது. ஏற்பளிக்கப்பட்ட நிறுவனத்தில் முழுப் பயிற்சி பெற்றவர்க்கும் பறக்கும் நிலையிலுள்ள வானூர்திகளில் இரண்டாண்டுப் பணியனுபவம் வேண்டும். அத்தகைய பயிற்சியோ வேறு தொழிற்பயிற்சியோ இல்லாதவர்க்கு ஐந்தாண்டு. உரிமம் கிடைத்த பின்னும், முந்தைய இரண்டாண்டுகளில் ஆறு மாதமேனும் பணியில் கை பழகியிராதவர் ஒப்பமிடலாகாது. காலத்தையும் கைப்பழக்கத்தையும் தகுதியின் உறுப்பாகவே இச்சட்டம் வைத்திருக்கிறது.

இதே அளவுகோலை வான்படைக்கு வைத்துப் பார்ப்போம். 2022இல் வந்த அக்னிபத் திட்டப்படி ஒருவர் பணியாற்றும் காலம் பயிற்சியும் சேர்த்து நான்காண்டு. அதன் முடிவில் நூற்றுக்கு 25 பேருக்கு மிகாமல் நிலைப்படுத்தப்படுவர். எஞ்சியோர் வீடு திரும்புவர். காவலுக்கும் பல பொதுப்பணிக்கும் இது பொருந்துமா என்ற விவாதத்துள் நாம் இங்கே நுழையவில்லை. மின்னணுப் பராமரிப்புக்கு இது பொருந்தாது என்பது நம் உறுதியான கருத்து. பயிற்சிப் பள்ளி முடிந்து, ஒரு வகை வானூர்தியின் இயல்பைப் பழகி, மூத்தவர் கண்காணிப்பில் பிழைகளைத் தேடிக் கற்று, தனித்து நம்பத்தக்கவராக ஒருவர் உருவாகும் நேரத்தில் அவரை வெளியே அனுப்புவது, அரசு தன் செலவில் வளர்த்த அறிவைத் தானே கைவிடுவதாகும். குவாமில் நேர்ந்ததும் கைமாறும்போது அறிவு தொலைந்ததுதானே! தொழில்நுட்பப் பிரிவுகளுக்கு 25 விழுக்காட்டு வரம்பைத் தளர்த்தி, தேறியவர்களில் பெரும்பாலோரை நிலைநிறுத்துவதே முறை. வெளியேறுவோர்க்கும் அவர்கள் படையில் செய்த பணியைக் குடிமை உரிமத்துக்குரிய அனுபவமாகக் கணக்கிடும் வழி எளிதாக வேண்டும். எத்தனை மணி, எந்த வானூர்தி, எந்த வேலை, யார் சரிபார்த்தார் என்ற பணிக்குறிப்பேட்டை முதல் நாளிலிருந்தே படை அவர்கள் கையில் தர வேண்டும்.

பெற்றோர்க்குச் சொல்ல வேண்டியதும் ஒன்றுண்டு. வானூர்திப் பராமரிப்புப் பொறியியல் கற்பிப்பதாக விளம்பரம் செய்யும் கல்வி நிலையங்களில் பல இலட்சம் கட்டிப் பிள்ளைகளைச் சேர்க்கும் குடும்பங்கள் நம்மிடையே பல. படிப்பை முடித்த சான்றிதழ் வேறு, அரசு தரும் உரிமம் வேறு என்பது அவர்களில் பலருக்குத் தெரிவதில்லை. தாள்களில் தேர்வு பெறாமலும், பறக்கும் வானூர்தியில் பணியனுபவம் கிட்டாமலும், வேறு வேலைக்குப் போன இளைஞர்களின் மனவேதனை அளவிடற்கரியது. நிலையத்துக்கு இயக்ககத்தின் ஏற்பு இன்றைய தேதியில் உண்டா, அது 'பி2' வகைக்கு உண்டா, பணியனுபவத்துக்கு எந்தப் பராமரிப்பு நிறுவனத்தோடு எழுத்து வடிவில் ஒப்பந்தம் இருக்கிறது என்பவற்றைக் கேட்டறியாமல் ஒரு ரூபாயும் கட்ட வேண்டாம். வாய்மொழி உறுதிக்கு இதில் மதிப்பில்லை.

தமிழ்வழியில் பயின்றோர் ஆங்கிலம் கருதி இத்துறையை அஞ்சுவதும் வேண்டியதில்லை. வானூர்திப் பராமரிப்புக் கையேடுகளுக்கென்றே எளிமையாக்கப்பட்ட தொழில்நுட்ப ஆங்கிலம் ஒன்று வகுக்கப்பட்டிருக்கிறது. அதன் பொதுச்சொற்கள் ஏறத்தாழ 900தான், ஒரு சொல்லுக்கு ஒரே பொருள், வாக்கியங்கள் குறுகியவை. ஆங்கிலம் தாய்மொழியல்லாத தொழில்நுட்பர் பிழைபடாமல் படிக்க வேண்டும் என்பதற்காகவே அது அவ்வாறு அமைந்தது. அரசுப் பள்ளியில் இயற்பியலை உண்மையாய்க் கற்ற மாணவர் முயன்றால் ஓராண்டுக்குள் அதைக் கைவசமாக்கலாம். நம் தொழிற்பயிற்சி நிலையங்களும் பலதொழிற்பயிலகங்களும் இதை ஒரு பாடமாக வைப்பது நன்று.

இறுதியாக ஒப்பத்துக்கு வருவோம். 1996 அக்டோபர் 2 அன்று பெரு நாட்டின் லீமாவில், கழுவும்போது நிலையழுத்தத் துளைகள் மேல் ஒட்டிய நாடா அகற்றப்படாமலே ஏரோபெரு விமானமொன்று இரவில் புறப்பட்டது. உயரமும் வேகமும் பொய்யாகக் காட்ட, 70 பேரோடு அது கடலில் மூழ்கியது. பார்த்துச் சொல்ல வேண்டியவர்கள் பார்க்கவில்லை. பறக்கத் தக்கது என்ற சொல் மட்டும் கொடுக்கப்பட்டது. படையானாலும் குடிமைத் துறையானாலும், புறப்படும் நேரம் நெருங்க நெருங்க மேலிடத்தின் நெருக்குதல் ஒப்பமிடுபவர் மேல்தான் விழும். அமைச்சரின் ஹெலிகாப்டர் காத்திருக்கிறது, பயிற்சித் திட்டம் தவறுகிறது என்ற சொற்கள் அவர் காதில் விழாத நாள் குறைவு. அந்நேரத்தில் 'சோதனை முடியவில்லை, ஒப்பமிடேன்' என்று சொல்லும் துணிவு தகுதிகளுக்கெல்லாம் தலையானது. அத்துணிவைத் தனியொருவரின் நெஞ்சுறுதிக்கு விட்டுவிடுவது அரசுக்கு அழகன்று. ஒப்பமிட மறுத்த தொழில்நுட்பர் அதன்பொருட்டு இடமாற்றமோ மதிப்பெண் குறைப்போ பதவியுயர்வு இழப்போ அடையமாட்டார் என்பதைப் பணிவிதியிலேயே எழுதிவைக்க வேண்டும். பாதுகாப்பு அமைச்சகமும் குடிமை வானூர்தி அமைச்சகமும் அடுத்த ஆட்சேர்ப்பு அறிவிப்பு வெளிவருமுன் இதைச் செய்ய வேண்டும் என்று வலியுறுத்துகிறோம்.