வகிடு அகலும்போது

மாதவிடாய் நிற்கும் காலத்தில் ஈஸ்ட்ரோஜன் குறைய, முடி வளரும் பருவம் சுருங்குகிறது, வகிடு அகல்கிறது. இங்கிலாந்தில் 2023 ஏப்ரல் முதல், இரண்டு மருந்துச்சீட்டுக் கட்டணத்தில் ஓராண்டுக்கான ஹார்மோன் மாற்று மருந்து கிடைக்கிறது. நல்ல காரியம். ஆனால் லண்டன் ஈஸ்ட் ஹாமில் வாழும் பெண், முடி உதிர்வுக்குப் பலருக்குப் பலன் தரும் மினாக்சிடிலைப் பொதுவாகச் சொந்தக் காசில்தான் வாங்கவேண்டும். நிறுத்தினால் பலனும் போய்விடும். 'இது அழகுப் பிரச்சினைதானே' என்பார்கள். அப்படியானால் தேசிய சுகாதாரச் சேவை விக் வழங்குவது ஏன்? முடி போனபின் தலையை மூட உதவும் அமைப்பு, இருக்கும் முடியைக் காக்கவும் உதவவேண்டும். செலவு கூடும் என்ற தயக்கம் நியாயமே. ஆனால் தைராய்டு, இரும்புச்சத்துப் பரிசோதனையை முதலில் செய்தால், வேறு காரணத்தால் முடி கொட்டுவோரைப் பிரித்துவிடலாம். தலைக்குத் தேய்க்கும் எண்ணெயை மாற்றிப் பார்த்தே கழியும் மாதங்களில் மயிர்க்கால்கள் சிறுத்துக்கொண்டே போகின்றன.